கூஜாவில் வெட்டிய பெயர்

மல்லேஸ்வரத்தில் ருக்மிணியின் வீட்டில் பெயர் வெட்டாத பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. அண்டாவிலிருந்து எண்ணெய்க் கரண்டியின் காம்பு வரைக்கும் 'வெ. ருக்மிணி, பெங்களூர்' என்று உளியால் வெட்டியிருக்கும். கல்யாணம், சீமந்தம் என்று பாத்திரம் நாலு வீட்டுக்குப் போனால் திரும்பி வரும்போது நம்முடையதே வரவேண்டும் என்பதில் அவ்வளவு கறார். அவள் பெற்ற பெண் பாகீரதியோ நேர் எதிர். யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவாள். திருப்பிக் கேட்கத்தான் வாய் வராது. புருஷன் சுந்தரேசனுடன் ரங்கூனில் குடித்தனம் வைத்த முதல் வருஷமே, அம்மா பெயர் வெட்டிய சீர்ப் பாத்திரத்தில் பாதி அக்கம்பக்கத்தில் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டு எழுதினாள். ருக்மிணி பதிலுக்கு ஒரு பக்கம் முழுக்கத் திட்டி எழுதினாள்.

அந்த ரங்கூனில் நாற்பத்தொன்றாம் வருஷம் மார்கழியில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அதோடு கடிதம் நின்றுபோயிற்று. ருக்மிணியின் கணவர் வெங்கடகிருஷ்ணன் ராஜாங்க உத்தியோகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். தபாலாபீசுக்கும் வீட்டுக்குமாக அவர் நடந்த நடையில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

தை மாசக் கடைசியில் சுப்ரமணியன் வந்தார். சுந்தரேசனுடன் ஒரே அரிசி மில்லில் வேலை பார்த்தவர். கப்பலில் மெட்ராசுக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி வந்திருந்தார். கூடத்தில் உட்கார்ந்தவர் காபியைத் தொடவில்லை. பையிலிருந்து ஒரு பித்தளைக் கூஜாவை எடுத்து வெங்கடகிருஷ்ணன் முன்னால் வைத்தார். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மறுபக்கத்தில் ருக்மிணியின் பெயர் சேதமில்லாமல் இருந்தது.

அவர் தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தார். முதல் குண்டுவீச்சிலேயே துறைமுகத்துப் பக்கம் வீடுகள் எல்லாம் போய்விட்டன. வீடு போனவர்கள் குழந்தை குட்டிகளோடு ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். சுந்தரேசனும் பாகீரதியும் அங்கேதான் இருந்தார்கள். பள்ளிக்கூடம் என்றால் விட்டுவிடுவான் என்று எல்லோரும் நம்பினார்கள். இரண்டாம் தடவை வந்த விமானம் விடவில்லை. பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் படுத்தபடியே போனார்கள். சுப்ரமணியன் தேடிக்கொண்டு போனபோது சுவர் விழுந்த வகுப்பறையில் ஒரு பெண்ணின் கைக்குப் பக்கத்தில் இந்தக் கூஜா கிடந்தது. அவர்கள் வீட்டில் எத்தனையோ நாள் இதிலிருந்து தண்ணீர் குடித்திருக்கிறார். பெயரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மேலே துணி போர்த்தியிருந்தார்கள். முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சுந்தரேசனைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

வெங்கடகிருஷ்ணன் பூணூலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ருக்மிணி கூஜாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெயர் வெட்டிய இடத்தை விரலால் தடவினாள்.

"இதுல வெட்டியிருக்கறது என் பேர். அப்போ செத்துப்போனது நானா?" என்றாள். கணவர் நிமிர்ந்து பார்த்தார். "பாகீரதி கையில அவ பாத்திரம் என்னிக்கு இருந்திருக்கு? இது யார் பக்கத்துல கிடந்ததோ, அவ என் பொண்ணு இல்லை."

வாத்தியார் வந்தார். கட்டிக்கொடுத்த பெண் போன செய்தி நாள் கடந்து காதில் விழுந்தால் பெற்றவர்களுக்கு ஒரு ஸ்நானம் போதும், தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டால் தீட்டு கழிந்தது என்று சொன்னார். வெங்கடகிருஷ்ணன் கிணற்றடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ருக்மிணி கிணற்றடிப் பக்கமே போகவில்லை. சாகாதவளுக்கு நான் எதற்குத் தலையில் தண்ணீர் விட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள்.

வந்தது வம்பு. குளித்தவருக்குத் தீட்டு இல்லை. குளிக்காதவளுக்கு, குளித்தவரின் சாஸ்திரப்படி, தீட்டு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அவள் சமைத்ததை சுவாமிக்கு நைவேத்தியம் செய்ய முடியாது. பூஜை செய்கிறவர் சாப்பிடவும் முடியாது. வெங்கடகிருஷ்ணன் ஒருநாளும் அடுப்பு மூட்டி அறியாதவர். மடியாக வேஷ்டியை வரிந்து கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனார். முதல் நாள் ரசத்தில் புளியே இல்லை. மறுநாள் புளி மட்டும் இருந்தது. ருக்மிணியால் பொறுக்க முடியவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டு பெருங்காயம் எங்கே, உப்பு எவ்வளவு, எப்போது இறக்குவது என்று சொல்லத் தொடங்கினாள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சொன்னபடி கிளறினார்.

தினமும் அவள் கழுத்தோடு குளித்துவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தை அடியோடு நிறுத்திவிட்டாள். தலையில் தண்ணீர் விழுந்தால் யாராவது அதை பாகீரதிக்கென்று கணக்கு வைத்துவிடுவார்களோ என்று பயம். கூந்தல் சிக்குப் பிடித்துக் கயிறாகத் திரிந்தது. பசவனகுடியிலிருந்து நாத்தனார் வந்து இதமாகவும் காரமாகவும் எடுத்துச் சொன்னாள். சாட்சி வந்து கூஜாவையே கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாரே என்றாள். பாகீரதி இரவல் கொடுத்ததில் இதுவரைக்கும் திரும்பி வந்த பாத்திரம் இது ஒன்றுதான் என்று ருக்மிணி பதில் சொன்னாள். நாத்தனார் இதற்குமேல் பேசிப் பயனில்லை என்று பஸ் ஏறினாள்.

வெளியே இந்த வீம்பு. உள்ளே அவளுக்கு ஒரு நிச்சயமும் இல்லை. கூஜாவைக் கடைசியாக ஒருநாள் திருப்பி வாங்கி வைத்திருந்தால்? அம்மா திட்டுவாளே என்று அந்த ஒன்றை மட்டும் பத்திரமாக வைத்திருந்தால்? யார் கையிலாவது இருந்திருக்கட்டும், தாயே, யார் கையிலாவது இருந்திருக்கட்டும் என்று விளக்கு முன்னால் உட்கார்ந்து முணுமுணுப்பாள். அவளுக்குத் தெரிந்த பிரார்த்தனை அது ஒன்றாகிவிட்டது.

பங்குனியில் ஒரு பகல் வேளை. வெங்கடகிருஷ்ணன் வத்தக்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். நிலைப்படியில் நின்று ருக்மிணி போதும், போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் ஜட்கா நின்ற சத்தம் கேட்டது. சுந்தரேசன் இறங்கினார், ஆள் பாதியாகி. பின்னால் பாகீரதி இறங்கினாள். கன்னம் ஒட்டி, கால் வெடித்து, இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு நின்றாள்.

வெங்கடகிருஷ்ணன் கரண்டியும் கையுமாக ஓடி வந்தவர், மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். குழம்பு அடிப்பிடித்துத் தெருவே மணத்தது. ருக்மிணி பெண்ணின் முகத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள், காதைக்கூடப் பிடித்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. அப்பாடா என்று அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"கூஜாவை யாருக்குடீ குடுத்தே?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

பாகீரதிக்கு முதலில் புரியவில்லை. கூடத்து மூலையில் நசுங்கிய கூஜாவைப் பார்த்ததும் குழந்தையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பிரிஜெட் பக்கத்துல வெச்சிருந்தேன்மா" என்றாள்.

பிரிஜெட் பெங்களூர்ப் பெண், ஜீவனஹள்ளிக்காரி. ரங்கூனில் அடுத்த வீடு. கடைத்தெருவில் இவர்கள் இருவரும் தமிழுக்கு நடுவில் கன்னடத்தை வாரி இறைத்துப் பேசுவதைக் கேட்டு மற்றத் தமிழர்கள் சிரிப்பார்களாம். அவள் புருஷன் டொமினிக் துறைமுகத்தில் முதல் நாளே போய்விட்டான். பள்ளிக்கூடத்தில் பிரிஜெட்டுக்குக் கடுமையான காய்ச்சல். அவள் குழந்தை, இப்போது பாகீரதி மடியில் இருக்கிற இதே குழந்தை, பாலுக்கு அழுதது. பாகீரதி கூஜாவில் வெந்நீர் நிரப்பி அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்காரர் கொட்டகைக்குப் போனாள். சுந்தரேசன் வண்டி பிடிக்கப் போயிருந்தார். அவள் பாலைப் புகட்டிக்கொண்டிருந்தபோது விமானம் வந்தது. திரும்பிப் போனபோது பிரிஜெட் படுத்திருந்த பக்கம் சுவரெல்லாம் விழுந்து, ஒருத்தரும் மிஞ்சவில்லை. அழுவதற்குக்கூட அங்கே நிற்க விடாமல் கூட்டம் தள்ளிக்கொண்டு போயிற்று. அப்புறம் நடைதான், மலையும் காடும், பிறகு படகு, பிறகு கல்கத்தா. அங்கிருந்து அடித்த தந்தி இவர்கள் வந்து சேர்ந்து மூன்று நாள் கழித்து வந்தது. தந்திச் சேவகனுக்கு வெங்கடகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே காபி கொடுத்தார்.

பெண் வந்த அன்று சாயங்காலமே ருக்மிணி எண்ணெய் காய்ச்சினாள். பெண்ணை மணையில் உட்கார்த்தி வைத்துத் தேய்த்தாள்; சுப்ரமணியன் வந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாகத் தன் தலையிலும் வைத்துக்கொண்டாள். வெங்கடகிருஷ்ணன் விறகை வைத்து வெந்நீர் போட்டுத் தந்தார். பெரிய சுமையை இறக்கி வைத்த சந்தோஷத்தில் சமையலறையை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, அவள் வைத்த ரசத்தை மூன்று தடவை வாங்கிக் குடித்தார்.

ஆனால் ருக்மிணி பெண்ணைக் கண்ணை விட்டு அகல விடவில்லை. கிணற்றடிக்குப் போனால் பின்னாலேயே போனாள். தூங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். ஜீவனஹள்ளிக்குப் போகவேண்டும் என்று பாகீரதி சொன்னபோதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். குழந்தை இளைத்திருக்கிறது, வெயில் கடுமை, கண்டோன்மெண்ட் பக்கம் முழுக்க சோல்ஜர் லாரி என்று தினம் ஒரு சாக்கு.

பாகீரதி குழந்தைக்கு சாதம் ஊட்டிக்கொண்டே அமைதியாகச் சொன்னாள். "நீ பார்த்துண்டு இருந்த மாதிரி அங்கேயும் ஒரு அம்மா வாசலைப் பார்த்துண்டு இருப்பாளேம்மா."

ருக்மிணிக்குச் சுருக்கென்றது. யார் கையிலாவது இருக்கட்டும் என்று விளக்கு முன்னால் வேண்டிக்கொண்டபோது, அந்த யாரோ ஒருத்தியையும் ஒரு தாய் பெற்றிருப்பாள் என்று அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. எழுந்து போய் புடவையை மாற்றிக்கொண்டாள். ஜட்கா கூப்பிடச் சொன்னாள்.

ஜீவனஹள்ளியில் பிரிஜெட்டின் தாய் செசிலியம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், பின்னால் வேறு யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தாள். யாரும் இறங்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

உள்ளே மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்து பாகீரதி எல்லாவற்றையும் சொன்னாள். செசிலியம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"முழிச்சிட்டிருந்தாளாம்மா, எம்பொண்ணு?"

"தூங்கிண்டிருந்தா. காய்ச்சல்ல அசந்து தூங்கிண்டிருந்தா."

செசிலியம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். வெகுநேரம் அழுதாள். ருக்மிணியும் அழுதாள், பெண் செத்தாள் என்று வந்த செய்திக்கு அழாதவள், முகம் தெரியாத பிரிஜெட்டுக்கு அழுதாள். பிறகு செசிலியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையின் மோவாயைத் தொட்டாள். மூக்கு அப்படியே பிரிஜெட் மூக்கு என்றாள். குழந்தையாவது வந்து சேர்ந்ததே என்று சொல்லி முகம் கொஞ்சம் தெளிந்தாள். வாவென்று கையை நீட்டினாள். குழந்தை வீரிட்டு அழுது பாகீரதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மிட்டாய் காட்டினார்கள், கோழிக்குஞ்சைக் காட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நீட்டிய கையை மடக்கி வைத்துக்கொண்டு அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தது ருக்மிணிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

வெளியே ஜட்காக்காரன் நேரமாகிறது என்று குரல் கொடுத்தான். பாகீரதி தவித்துப்போய் தாயைப் பார்த்தாள். ருக்மிணி குழந்தையின் முதுகைத் தடவினாள்.

"நீ இங்கேயே இரு" என்றாள். "கொழந்தை பாட்டிகிட்ட பழகற வரைக்கும் இருந்துட்டு வா."

செசிலியம்மாள் திகைத்துப்போனாள். "எங்க வீட்ல எப்படிம்மா? சாப்பாடு, தண்ணி..."

"பர்மாவிலேர்ந்து நடந்தே வந்தவ. குடுத்ததைச் சாப்பிடுவா."

பாகீரதி சிரித்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்து ருக்மிணி பார்க்கவில்லை. செசிலியம்மாளும் கண்ணீரோடு லேசாகச் சிரித்து, பாய் எடுத்து விரிக்க எழுந்தாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவள் போகிற பக்கம் திரும்பிப் பார்த்தது.

ருக்மிணி தனியாக வண்டியில் ஏறினாள். வீட்டில் அவர் எங்கே பெண் என்று குதிப்பார், குதிக்கட்டும், சொல்லிக்கொள்ளலாம். வண்டி தெருமுனை திரும்பியபோது பின்னால் எட்டிப் பார்க்கக் கழுத்து தானாகத் திரும்பியது. நிறுத்திக்கொண்டாள். பார்த்துக்கொண்டே இருந்தால்தான் இருப்பாள் என்றில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் அவள் பெண் இருந்தாள்.