சிவப்பு மூடி

சொந்த மகனைச் சின்ன வயதில் மடியில் வைத்து இப்படித் தடவிக் கொடுத்திருப்பாரா என்பது சந்தேகம்தான். சம்பந்தி அந்த மூடியை அப்படித் தடவிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் எப்போதும் தயாராக இருக்கும் மஞ்சள் துணியை எடுத்து, விளிம்பில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்து, நடுவில் வட்டத்துக்குள் புடைத்து நின்ற மரங்கொத்தியின் கொண்டையில் முடித்தார். நல்ல சிவப்பு எனாமல். அந்த மூடிக்குரிய செயின் ரம்பத்தைச் செய்த கம்பெனியை இழுத்து மூடி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அந்த மாடலில், பெயின்ட் உரியாமல், பறவையின் அலகுகூட மழுங்காமல் மிஞ்சிய மூடி இது ஒன்றுதான் என்று சம்பந்தி சொன்னார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவர்தானே பழைய ரம்பச் சங்கத்தின் தலைவர்.

“இந்தப் பறவை நம்ம வீட்டுக்கு வரணும் சம்பந்தியம்மா. அங்க இதே மாடல்ல உடம்பு இருக்கு, முகம் இல்ல. இங்க முகம் இருக்கு…” என்று இழுத்தவர், சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்துப் பரப்பியிருந்த எஞ்சினை ஒரு பார்வை பார்த்தார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்கிற பார்வை அது.

“உடம்புக்கு என்ன சம்பந்தி, நல்லாத்தான் இருக்கு. கயிறு அந்த மூடியிலதான் சுத்தியிருக்கு. மூடி இல்லேன்னா எதை இழுத்து ஸ்டார்ட் பண்றது?” என்றாள் அவள்.

“எதுக்கு ஸ்டார்ட் பண்ணணும்?” என்று கேட்டார் சம்பந்தி. குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. பிறகு புன்னகைத்து, குரலைத் தாழ்த்தி, “பொண்ணையே குடுத்தவங்க. ஒரு மூடியக் குடுக்க இவ்வளவு யோசிக்கிறீங்களே,” என்றார்.

“பொண்ணை நாங்க குடுக்கல சம்பந்தி. அவ கல்யாணம் பண்ணிக்கிட்டா.”

அவளுடைய கணவர் டீயைத் தன் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டார். சம்பந்தி மஞ்சள் துணியை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். மூடியை மேசையில் வைத்துவிட்டு, சங்கத்தின் ஒப்பீட்டு விழாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவள் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்ப்பவள். காலையிலிருந்து மாலைவரை யார் யாருடைய வாயிலோ உட்காரப் போகிற பற்களை அரத்தால் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் பல் வைத்த எதைப் பார்த்தாலும் நின்றுவிடுகிற பழக்கம் வந்துவிட்டது. பழைய பேப்பர் போடப் போன கடையில், தராசுக்குப் பின்னால், செயின் முழுக்கத் துருப்பிடித்த பல்லோடு கிடந்த ரம்பத்தைப் பார்த்ததும் அப்படித்தான் நின்றாள். பேப்பரைக் கொடுத்துவிட்டு ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “ரம்பம்னு இதுவரைக்கும் இந்த வீட்ல என்னைத்தான் சொல்லிட்டிருந்த. இப்ப போட்டிக்கு ஆள் வந்தாச்சா?” என்று கணவர் கேட்டதோடு சரி. அதற்குப் பிறகு துணி துவைக்கிற இடத்தில் மண்ணெண்ணெய் வாசனை வந்தபோதும், சோப்பு டப்பாவில் பிஸ்டன் வளையங்கள் கிடந்தபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்கானது. நான்கையும் வரிசையாக வைத்து, எது குளிரில் சீக்கிரம் எழுகிறது, எது பட்டுப்போன கட்டையில் முக்காமல் இறங்குகிறது, எது கையை மரத்துப்போகச் செய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவளுடைய ஞாயிற்றுக்கிழமை. மகளுக்கு மாப்பிள்ளைகளைக்கூட அவள் இவ்வளவு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

கல்யாணப் பேச்சுக்கு வந்தபோதுதான் சம்பந்தி அவற்றை முதலில் பார்த்தார். அவர் ஓய்வு பெற்றுக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. இன்சூரன்ஸ் ஆபீசில் நாள் முழுக்கக் கையெழுத்துப் போட்ட கை, போட எதுவும் கிடைக்காமல் துடித்துக்கொண்டிருந்தது. கல்யாண மாலை வாடுவதற்குள் அவர் வீட்டில் எட்டு ரம்பங்கள் சேர்ந்துவிட்டன. சீக்கிரமே ‘தொன்மைச் சங்கிலி ரம்ப ஆர்வலர் பேரவை’ உருவாகி, அதற்கு லெட்டர்பேடும், முத்திரையும், ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் கிடைத்தார்கள். தலைவர் வீட்டு ஹாலில் கண்ணாடி அலமாரி, உள்ளே விளக்கு, ஒவ்வொன்றின் கீழும் பித்தளைத் தகடு. கார் பெயின்ட் அடித்து அத்தனையும் முகம் பார்க்கும்படி மின்னின. அவள் ஒருமுறை ஆசையாக ஒன்றைக் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். எஞ்சின் நன்றாக இருந்தால் ரம்பம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கித்தான் கீழே இறங்கும். இது தொப்பென்று விழப் பார்த்தது. உள்ளே ஒன்றுமில்லை. “கனத்துல அலமாரி வளையுதும்மா. அதான் எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிட்டேன்,” என்றார் தலைவர்.

பேரவைக்கு ஒரு விதி உண்டு. ஒரே மாடலில் இரண்டு இருந்தால், ஒப்பீட்டு விழாவில் இரண்டையும் பக்கத்தில் வைத்து மதிப்பெண் போடுவார்கள். தோற்றது ஜெயித்ததற்குத் தன் பாகங்களைத் தர வேண்டும். இதற்கு ‘உறுப்பு தானம்’ என்று பெயர் வைத்தவரும் தலைவரே. அவளும் உறுப்பினர்தான்; சம்பந்தி ஆரம்பித்த சங்கத்தில் சேராமல் இருக்க முடியுமா?

மகள் அடுத்த ஞாயிறு மதியம் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“எதுக்கும்மா மாமாகிட்ட அப்படிப் பேசின?”

“எப்படிப் பேசினேன்?”

“நீ பாட்டுக்கு இங்க எண்ணெய்க் கையோட உக்காந்திருக்க. தினமும் அவர் முகத்தைப் பாக்கிறது நான். சாப்பிட உக்காந்தா மூடி, டிவி பாத்தா மூடி. இவரு ‘விடுங்கப்பா’ன்னு சொன்னதுக்கு இவரோடயும் பேச்சு இல்ல. ஒரு தகரம்மா. குடுத்துடேன்.”

அவள் அரத்தைத் துடைத்து வைத்தாள். மகள் சொன்னதில் பொய் இல்லை. இந்த மூடிக்காக ஒரு வீட்டில் மூன்று பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள் என்றால், கொடுத்துவிடுவதுதான் மரியாதை. ஆனால் கொடுத்தால் இந்த எஞ்சின் அவ்வளவுதான். நான்குக்கும் பிறகு வந்தது இது. சேற்றில் கிடந்ததை எடுத்து, இறுகிப்போன பிஸ்டனை எண்ணெயில் ஊறவைத்து, மரச் சுத்தியால் தட்டித் தட்டி, பிரசவம் பார்த்த மாதிரி வெளியே எடுத்தது. நெருப்புப் பொறி தருகிற காயில் என்கிற கம்பிச்சுருள் செத்துப்போயிருந்ததால், புல் வெட்டும் இயந்திரத்தின் காயிலைக் கொண்டுவந்து பொருத்தினாள். அது எஞ்சினுக்குப் பிடித்துப்போயிற்று, மூடிக்குப் பிடிக்கவில்லை. புதுக் காயில் ஒரு விரல் உயரம் கூடுதல். மூடியை வைத்தால், சரியாக மரங்கொத்திக்கு அடியில் முட்டியது. ஒரு வட்ட ஓட்டை போட்டால் உட்கார்ந்துவிடும். அதற்காக வட்டம் வெட்டுகிற பிளேடும் வாங்கியாயிற்று. அது இன்னும் உறை பிரிக்காமல் கிடந்தது.

ஏன் கிடக்கிறது என்று இப்போதுதான் யோசித்தாள். எத்தனையோ ஞாயிறுகளாக அவளும் அந்த மூடியைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். ஓட்டை போட்டால் அசல் போய்விடுமே என்று தள்ளிப் போட்டிருக்கிறாள். இந்த எஞ்சினை இதுவரை ஓடவிடாமல் பார்த்துக்கொண்டது சம்பந்தி இல்லை. தனக்கும் ஒரு மஞ்சள் துணி இருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

“சரி, விழாவுக்குக் கொண்டு வரேன்,” என்றாள். மகள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, நிம்மதியாக இரண்டாவது டீ கேட்டாள்.

விழா ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. மேடையில் வெல்வெட் விரித்த மேசைகள். ஒவ்வொரு ரம்பத்துக்கும் ரிப்பன். ரம்பங்களைவிட ரிப்பன்களுக்கு ஓட்டம் அதிகமாக இருந்தது; மின்விசிறிக் காற்றில் அவைதான் ஆடிக்கொண்டிருந்தன. முன் வரிசையில் தலைவரின் மனைவி, எல்லாக் கூட்டங்களிலும் போல, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். மகள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை ஏதோ வேலை என்று நழுவிவிட்டார். நடுவராக மருந்துக்கடைக்காரர். பேரவையின் செயலாளரும் அவர்தான். பளபளப்பு, முழுமை, கம்பீரம் என்று மூன்று தலைப்பில் மதிப்பெண். சரியும் தவறும் தெரிந்த மனிதர். ஆனால் தலைவரின் மாத மாத்திரைகள் மொத்தமும் அவர் கடையில்தான்.

தலைவரின் மரங்கொத்தி மாடல் ரம்பம், மூடியில்லாத முகத்தை வெல்வெட் துணியால் மூடிக்கொண்டு, புதுப்பெண் போல உட்கார்ந்திருந்தது. அவளுடையது பக்கத்தில், மூடி தனியாக, கறுப்பு எண்ணெய்க் கறையோடு. மருந்துக்கடைக்காரர் இரண்டையும் சுற்றி வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். அவளுடைய எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்து, புல் வெட்டும் இயந்திரத்தின் காயிலைக் கண்டு, சாம்பாரில் தலைமுடி பார்த்தவர் போல முகத்தைச் சுளித்தார். முழுமையில் பூஜ்யம்.

“ஆகவே,” என்று தலைவர் மைக்கைப் பிடித்தார், “தோல்வியிலும் ஒரு தியாகம் உண்டு. நமது சம்பந்தியம்மா இந்த மூடியை மனமுவந்து…”

“மனசு உவக்கல,” என்றாள் அவள். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

மூடியைக் கக்கத்தில் இடுக்கி, ரம்பத்தை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி நடந்தாள். கணவர் கருவிப் பையோடு பின்னால் ஓடினார். வாசல் படியில் ரம்பத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மூடியைக் குப்புற வைத்து, பறவைக்குக் கீழே ஓரமாக இருந்த கயிற்றுச் சக்கரத்தைக் கழற்றினாள். பேட்டரி டிரில்லில் வட்டப் பிளேடை மாட்டினாள். உறையைப் பல்லால் கிழித்த சத்தத்திலேயே மண்டபத்தில் பாதி காலியாகி வாசலுக்கு வந்துவிட்டது. பிளேடை மரங்கொத்தியைச் சுற்றி வைத்துப் பார்த்தபோதுதான் தலைவருக்கு விளங்கியது.

“சம்பந்தியம்மா! ஓட்டை போடப் போறீங்களா? இதுல? ஐயோ, அது அசல்! அதுக்கப்புறம் அது யாருக்கும் பிரயோஜனப்படாது!”

“யாருக்கும்னா?”

“எனக்கு!” என்றார் தலைவர். சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

படி வழவழப்பாக இருந்தது. பிளேடு தொட்டதும் மூடி ஒரு சுற்றுச் சுற்றி நழுவியது. கணவர் பிடிக்க வந்தார். பிளேடைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். அவள் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். எதிரே மகள் நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்து, மாமனாருக்கும் அம்மாவுக்கும் நடுவில், எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்கிற நிலையில்.

“நீ உள்ள போ,” என்றாள் அவள். “நான் பாத்துக்கறேன். உன் தலையில விடியக் கூடாது.”

மகள் போகவில்லை. கைப்பையைக் கழற்றி, எழுந்து வந்திருந்த மாமியாரிடம் நீட்டினாள். குந்தி உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளாலும் மூடியை அமுக்கினாள்.

“போடும்மா சீக்கிரம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான்தான் மாமா பக்கத்துல உக்காரணும்.”

“நல்லா அழுத்திப் பிடி, வழுக்கப் போகுது,” என்றார் தலைவரின் மனைவி. அந்த அம்மாள் இத்தனை விழாக்களிலும் பேசிய முதல் வாக்கியம் அது. தலைவர் திரும்பிப் பார்த்தார். “என்ன பாக்கறீங்க? ஹால்ல உக்கார இடமில்லாம அடுப்படியில முக்காலி போட்டு டிவி பாக்கறவ நான்,” என்றார் அவர், இரண்டு கைப்பைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு.

பிளேடு எனாமலைக் கடித்தது. சிவப்புத் தூள் பறந்து மகளின் விரல்மேல் படிந்தது. கீச்சென்ற சத்தம் பல்லைக் கூசவைத்தது. பல் கூசுவதெல்லாம் அவளுக்குப் பழகிப்போனது. டக்கென்று சத்தம் குறைந்தது. வட்டம் விடுபட்டு, படியில் உருண்டு, ஒரு படி இறங்கி, நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. ஓட்டையின் விளிம்பை அரத்தால் இழைத்தாள். சக்கரத்தையும் கயிற்றையும் திரும்ப மாட்டி, மூடியை எஞ்சின்மேல் வைத்தாள். காயில் அந்த ஓட்டை வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு, மூடி ஒட்டி உட்கார்ந்தது. போல்ட்டுகளை முடுக்கினாள்.

காலால் பிடியை மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தாள். ஒன்றுமில்லை. மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். மறுபடி இழுத்தாள். ரம்பம் அவரைப் போலவே செருமியது. யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல், தோளோடு சேர்த்து, வந்த கோபம் வராத கோபம் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தாள்.

எழுந்தது. வெள்ளைப் புகை வாசலை நிறைத்தது. காக்கைகள் கலைந்தன. பேரவை முழுவதும் காதைப் பொத்திக்கொண்டது. பொத்திக்கொண்டே ஓரடி முன்னால் வந்தது. கணவர் எதையோ கத்திச் சொன்னார், கேட்கவில்லை. மகள் சிரிக்கிறாளா இருமுகிறாளா என்று தெரியவில்லை. தலைவரின் வாயும் அசைந்துகொண்டிருந்தது. அவர் கையில் மைக் இருந்தது, ஆனால் ஒயர் உள்ளேயே கழன்று விழுந்திருந்தது.

அவள் விசையை அழுத்தினாள். சத்தம் கூடியது. புகைக்கு அந்தப் பக்கம், தலைவர் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிவது தெரிந்தது. கீழ்ப் படியில் கிடந்த சிவப்பு வட்டத்தைப் பொறுக்கினார். இன்னும் சூடு ஆறவில்லை போலும். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றி ஊதினார். பிறகு சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், மரங்கொத்தியின் அலகைத் துடைக்க ஆரம்பித்தார்.