தலைச்சுமையாக ஒரு பஸ் நிறுத்தம்

எங்கள் ஊர் பஸ் நிறுத்தம் டவுனில் இருக்கிறது. ஊரில் ரோடு சரியில்லை என்று அங்கேயே வைத்து அழகு பார்க்கிறார்கள். பஸ் ஏற நாங்கள் டவுனுக்கு நடந்து போவோம். ஏறினால் பஸ்ஸும் டவுனுக்குத்தான் போகும். குறை சொல்லக் கூடாது, உட்கார இடம் கிடைக்கும்.

என் தங்கச்சி மாடத்திக்கு இது நிறைமாதம். ஆம்புலன்ஸ் நிறுத்தத்தில்தான் நிற்கும். அதனால் நிறுத்தத்தைக் கேட்டு வாங்க டவுன் ஆபீசுக்குப் போனேன்.

நடக்க நடக்க வராந்தா நீண்டது. கடைசியில் எங்கள் நிறுத்தம் இருந்தது. அதன் பெஞ்சில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கூரையில் மின்விசிறி மாட்டியிருந்தார்கள்.

"எந்த ஊரும்மா?"

"கீழக்கருங்காடு சார்."

"உங்க ஊருக்குத் திட்டம் வந்தாச்சே. சுமைதாங்கிக் கல். நேத்து நட்டுட்டோம்."

பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்துப்போகிறவளுக்குச் சுமைதாங்கி நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வழிப்போக்கர்கள் அதில் சுமையை இறக்கி வைத்தால் அவள் பாரம் குறையுமாம்.

"யார் பேர்ல சார்?"

"மாடத்தி."

"அவ உசுரோட இருக்கா."

"எல்லாம் லேட்டா வருதுன்னு நீங்கதானே மனு குடுத்தீங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. முந்தானையைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தேன்.

"எந்திரிங்க சார். ஒரு கை தூக்கி விடுங்க."

சுமை தூக்குகிறவர் கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். அவரும் எங்கள் பக்கம்தான் போலிருக்கிறது. எழுந்து நிறுத்தத்தை என் தலையில் தூக்கிவிட்டார். மின்விசிறி என் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே வந்தது.

பின்னால் ஆம்புலன்ஸ் ஊர்ந்து வந்தது. நிறுத்தத்தை முந்தக் கூடாதாம். ஊர் தள்ளித் தள்ளிப் போனது. நானும் விடவில்லை.

ஊர் எல்லையில் கல் நின்றது. பெயிண்ட் இன்னும் காயவில்லை. என் கழுத்து இற்றுவிழுகிற மாதிரி வலித்தது.

"இறக்கி வையிங்கம்மா, அதுக்குத்தானே கல்லு" என்றார் டிரைவர்.

"இதுல இறக்குனா அவளுக்குன்னு ஆயிரும். பேசாம வாங்க."

மாடத்தி வீட்டு வாசலில் இறக்கினேன். ஆம்புலன்ஸ் நின்றது. மாடத்தி இடுப்பைப் பிடித்தபடி வந்தாள்.

"அக்கா, கல்லுல என் பேரப் பாத்தியா? 'தி'க்குச் சுழி நல்லா போட்டிருக்காங்க."

"பாத்தேன். ஏறு."

ஏறினாள். வலி வந்துவிட்டது. வண்டி கிளம்பவில்லை.

"என்னண்ணே?"

"ஆஸ்பத்திரிக்குப் போயி எங்க நிப்பாட்ட? நிறுத்தம் இங்கதானே இருக்கு."

அவர் சொன்னது நியாயம்தான். நான் சும்மாட்டை அவிழ்த்திருக்கவில்லை.

"ஒரு கை தூக்கி விடுங்க" என்றேன்.

கல்லைத் தாண்டும்போது வண்டிக்குள்ளிருந்து மாடத்தி சொன்னாள்.

"அக்கா, நிக்காத."

நான் நிற்கவில்லை.