சூடான குழாய், குளிர்ந்த குழாய்

மவுஸை நகர்த்தினால், திரையில் அம்பு சற்று யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. கட்டடப் பொறியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறொரு நாளாக இருந்தால் எழுந்து போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்திருப்பாள். இன்று அதற்கு வழியில்லை.

விடியற்காலையில் நாலு தெரு தள்ளி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிறுத்துமிடத்தில், ஒரு தூண் படீரென்று வெடித்து விரிசல் விட்டிருந்தது. ஐந்து மாடி ஜனமும் கட்டிய துணியோடு தெருவில் நின்றது. இவள் போய்ப் பார்த்து, அளவெடுத்து, படமெடுத்துக்கொண்டு வீட்டு அலுவலகத்துக்கு ஓடி வந்திருந்தாள். இரும்பு முட்டுகளோடு ஆட்கள் அங்கே தயாராக நின்றார்கள். ஆனால் கையில் இருந்த முட்டுகள் ஒரே ஒரு இடத்துக்குத்தான் காணும். மீதி வெளியூரிலிருந்து வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும்.

எந்த இடத்தில் கொடுப்பது? பார்க்கிறவர் எல்லாரும் விரிசல் விட்ட தூணைத்தான் காட்டுவார்கள். அவளுக்கு அதில்தான் சந்தேகம். அந்தத் தூண் கைவிட்ட பாரத்தை இப்போது யார் சுமக்கிறார்கள்? மேலே ஒவ்வொரு மாடியிலும் சுவர்களை இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள். கைக்கணக்குக்கு அடங்குகிற கட்டடம் இல்லை அது. கம்ப்யூட்டர்தான் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டரோ அரைத் தூக்கத்தில் இருந்தது.

வாங்கிய காலத்தில் அது ராஜா. கண்ணாடிக் கதவு போட்ட கறுப்புப் பெட்டி, உள்ளே தண்ணீர் ஓடிக் குளிரவைக்கும் ஏற்பாடு, அந்த வருஷத்தில் கிடைத்ததிலேயே பெரிய ப்ராசஸர். இதே மாதிரிக் கணக்கை ஒரு குளியல் போட்டு வருவதற்குள் முடித்துக் கொடுத்திருக்கிறது. இப்போது நகர்வதே தெரியவில்லை. திறந்திருந்ததை எல்லாம் மூடினாள். வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தாள். டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தது. நிறுத்தி மறுபடி போட்டால், ஆரம்பத்தில் பறந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நொண்டியது. லேப்டாப்பில் திறந்து பார்த்தாள். அது கட்டடத்தின் கணினிப் படத்தை விழுங்கிவிட்டு அப்படியே உயிரை விட்டது.

போன் அடித்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

"மேடம், ஜனங்க சும்மா நிக்க மாட்டேங்கறாங்க. ஒருத்தர் நகையை எடுக்கணும்ங்கறார், ஒருத்தர் பூனையை எடுக்கணும்ங்கறார். போலீஸ்காரர் கயிறு கட்டியிருக்கார், ஆனா எத்தனை பேரை அவர் ஒருத்தர் பிடிப்பார்? முட்டு எங்க கொடுக்கணும்னு சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

"கொஞ்சம் பொறுங்க சார். தப்பான இடத்துல கொடுத்தா கொடுக்காததைவிட மோசம். யாரையும் உள்ள விடாதீங்க."

"உங்க மாமியார்தான் பெரிய சத்தம் போடறாங்க."

முன்னாள் மாமியார் என்று அவள் திருத்தவில்லை. அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவர் தனியாக இருந்தார்.

போனை வைத்தவள், இன்னொரு எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கம்ப்யூட்டரை ஒவ்வொரு திருகாக முடுக்கிச் சேர்த்தவர் அவள் கணவராக இருந்தவர். பிரிந்த பிறகு அவர்கள் பேசிக்கொண்டது எல்லாம் வக்கீல் முன்னால்தான். கௌரவத்தை முழுங்கிக்கொண்டு அழைத்தாள்.

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்குங்க. அத்தை வீட்டு பில்டிங் விஷயம். நேரம் இல்ல."

பிரிந்ததிலிருந்து அவள் பேச்சில் 'நீ' போய் 'நீங்க' வந்திருந்தது.

"போட்டவுடனேயே ஸ்லோவா? இல்ல, முதல்ல நல்லா ஓடிட்டு அப்புறம் படுக்குதா?"

"முதல்ல நல்லாத்தான் ஓடுது."

"வர்றேன்," என்று வைத்துவிட்டார்.

அவர் வந்தபோது கையில் ஒரு துணிப்பை இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மேஜைக்குப் போனார். கணக்கு பாதியைத் தாண்டி எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. வெப்பத்தைக் காட்டும் ஒரு சிறிய ஜன்னலைத் திறந்தார். எண் சிவப்பில் நின்றது.

"கொதிக்குது. சூடு தாங்காம, தன்னைக் காப்பாத்திக்க அதுவே வேகத்தைக் குறைச்சுக்குது. அதான் நொண்டுது."

"தூசியா? போன மாசம்தான் ஊதினேன்."

அவர் கண்ணாடிக் கதவைக் கழற்றினார். உள்ளே விசிறிகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. ப்ராசஸரின் மேல் உட்கார்ந்திருந்த மூடியிலிருந்து இரண்டு கறுப்புக் குழாய்கள் போயின. ஒன்றைத் தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு மற்றதைத் தொட்டார்.

"தொட்டுப் பாரு. இது சுடுது, இது ஜில்லுனு இருக்கு. உள்ள தண்ணி ஓடவே இல்ல. பம்ப் செத்துப்போச்சு."

"சரி, இப்ப என்ன பண்றது?"

துணிப்பையிலிருந்து விசிறி பொருத்திய கனமான அலுமினியக் கட்டி ஒன்றை எடுத்து வைத்தார். அதன் அடியில் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது. தன் கம்ப்யூட்டரிலிருந்து அப்போதுதான் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"இதை மாட்டலாம். ஆனா மெஷினை நிறுத்தணும்."

அவள் திரையைப் பார்த்தாள். பாதிக்கு மேல் முடிந்திருந்தது. நிறுத்தினால் அத்தனையும் போச்சு. இடையில் சேமித்துவைக்கும் புத்தி அந்த மென்பொருளுக்குக் கிடையாது. விட்டால், இருட்டுவதற்குள் ஊர்ந்து ஊர்ந்து முடித்தாலும் முடித்துவிடும்.

"மாட்டினா கண்டிப்பா சரியாயிடுமா?"

இந்த மாதிரிக் கேள்விக்கு அவரிடம் எப்போதும் ஒரே பதில்தான் உண்டு. வழி தெரியாத ஊரில் வண்டி ஓட்டும்போதும், அவள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோதும், எல்லாவற்றுக்கும் 'எனக்குத் தெரியும், விடு' என்பார். அந்த 'தெரியும்' கேட்டுக் கேட்டுத்தான் அவளுக்கு அந்த வீடே வெறுத்துப்போனது.

அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியல," என்றார். "பம்ப் போனது நிச்சயம். இவ்வளவு சூட்டுல போர்டும் போயிருந்தா மறுபடி ஆன் ஆகாமலே போகலாம். நான் மாத்துவேன். ஆனா முடிவு நீதான் எடுக்கணும்."

அவள் கையை நீட்டி, மெஷினைத் தானே நிறுத்தினாள். அறை திடீரென்று அமைதியானது.

அவர் திருகுகளைக் கழற்றினார். அவள் டார்ச் பிடித்தாள். பழைய மூடி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மெல்ல இப்படியும் அப்படியும் திருகி எடுத்தார். ப்ராசஸரின் முதுகைத் துடைத்து, புது பேஸ்ட்டைக் கடுகளவு வைத்தார். அலுமினியக் கட்டியை உட்காரவைக்க இடம் இடித்தது. ஒரு மெமரி அட்டையைக் கழற்றிய பிறகுதான் அடங்கியது.

அந்த நேரத்தில் போன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், ஆளுங்க விரிசல் விட்ட தூணுக்கே முட்டுக் கொடுத்துடட்டுமாங்கறாங்க."

"வேண்டாம் சார்! நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க!"

"ஆன் பண்ணு," என்றார் அவர்.

பொத்தானை அழுத்தினாள். விசிறி அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றுபோனது.

"ஏய், என்ன பண்ணி வெச்சிருக்கே நீ!" என்று கத்தியே விட்டாள். 'நீங்க' எங்கோ போயிற்று.

அவர் உள்ளே கையை விட்டு, ஒவ்வொரு வயராக அழுத்திக்கொண்டு வந்தார். ஓரத்தில் ஒன்று க்ளிக் என்றது. "டார்ச்சை இப்படிக் காட்டு. இப்ப போடு."

விசிறி சுற்றியது. திரை விழித்தது. மவுஸை அசைத்தாள், அம்பு கையோடு ஓடியது.

ஒரு மெமரி அட்டை குறைந்தும் கணக்கு மளமளவென்று நகர்ந்தது. இருவரும் வெப்ப எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது ஏறி, ஓரிடத்தில் நின்று, அதற்கு மேல் ஏறவில்லை. முடிவு வண்ணப்படமாக விரிந்தது. விரிசல் விட்ட தூண் வெளிறிக் கிடந்தது. அது எப்போதோ கையைக் கழுவிவிட்டது. முன்பக்க மாடிப்படியை ஒட்டிய தூண்தான் பாரம் எல்லாம் ஏறி ரத்தச் சிவப்பாக இருந்தது. உடனே செயலாளரை அழைத்தாள்.

"சார், முட்டெல்லாம் முன்படி ஓரத் தூணுக்கு! விரிசல் விட்டதுக்கு இல்ல. அந்தப் படியில ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது."

"உங்க மாமியார் இப்பதான் அந்தப் படியில மேல போனாங்க மேடம். மாத்திரை எடுக்கணும்னு போலீஸ்காரர் கையைத் தட்டிவிட்டுட்டு..."

பக்கத்தில் நின்றவர் ஏற்கெனவே தன் போனில் அம்மாவை அழைத்துக்கொண்டிருந்தார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தார்.

"என்னடா?" என்றது குரல், மூச்சு வாங்க.

"அம்மா, முன்படில இறங்காதே. பின்பக்க இரும்புப் படிக்குப் போ."

"அது துருப்பிடிச்சுக் கிடக்கு. விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கவா? நான் வந்த வழியே வர்றேன், போனை வை."

அவள் போனைப் பிடுங்கினாள். "அத்தை, நான் பேசறேன். முன்படி தாங்காது. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"நீயா பாத்தே? அவன் சொல்லிக்கொடுத்துப் பேசறியா?"

"நான்தான் அத்தை பாத்தேன்."

"அப்பச் சரி," என்றார் அந்த அம்மா.

மகன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றாள். இரும்புப் படி முனகுவதும், அத்தை ஒவ்வொரு படிக்கும் யாரையோ திட்டுவதும் கேட்டது. நடுவில் ஏதோ விழுந்த சத்தம். "ஒண்ணுமில்ல, பை தவறிடுச்சு," என்றது குரல். கடைசியில் தெருச் சத்தம் கேட்டது. மகன் "அம்மா" என்று கூப்பிடுவதும் கேட்டது. அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் படியோரத் தூணைச் சுற்றி முட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது அந்தத் தூணின் பூச்சு பலகை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. எல்லாரும் பின்னால் பாய்ந்தார்கள். பிறகு மேஸ்திரி முதலில் திரும்பிப் போனார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். கடைசி முட்டும் இறுகியது. தூண் நின்றது. வெளியூர் லாரி வந்ததும் மற்ற இடங்களுக்கும் முட்டுக் கொடுத்தார்கள்.

எதிர்க் கடையின் ஸ்டூலில் அத்தை உட்கார்ந்திருந்தார். மடியில் மாத்திரைப் பெட்டி. காலடியில், படியில் விழுந்து மூக்கு நசுங்கிய இஸ்திரிப் பெட்டி.

"இதை எதுக்கு அத்தை தூக்கிட்டு வந்தீங்க?"

"பதட்டத்துல கைக்கு வந்ததைத்தான் எடுக்க முடியும். நீ வந்து லிஸ்ட் போட்டா கொடுத்தே?"

மகன் பக்கத்தில் வந்து நின்றார். "ராத்திரிக்கு என் ரூமுக்கு வாம்மா. நாலாவது மாடிதான், கட்டில் இருக்கு."

"இன்னிக்கு இனிமே ஒரு படிகூட ஏற மாட்டேன்," என்றார் அத்தை. மருமகளாக இருந்தவளை நிமிர்ந்து பார்த்தார். "உன் வீடு தரைத்தளம்தானே?"

"ஆமா அத்தை," என்று சொல்லி, அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.