ஈரலை வைத்த கிழமை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சித்தூரில் எங்கள் கிறிஸ்தவ சபையில் யாராவது கீர்த்தனையை இழுத்துப் பாடினால்கூட நான் திரும்பிப் பார்த்து முறைப்பேன் என்று என் அக்கா ஜெயகுமாரி சொல்வாள். பொய்யில்லை, முறைப்பேன். இப்படிப்பட்ட என்னை ஒரு மனிதர் இரண்டு வருஷம் காக்க வைத்தார் என்றால் அவருடைய தைரியத்தைப் பாருங்கள். அவர்தான் எங்கள் பிரின்சிபால் வேதாச்சலம்.

1979இல் நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்குப் பூச்சியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். கரப்பானின் வாய், வெட்டுக்கிளியின் கால், கொசுவின் இறக்கை. படம் வரை, பெயர் எழுது, மனப்பாடம் செய். பிள்ளைகள் விட்ட கொட்டாவியில் எனக்கே தூக்கம் வந்தது. கடைசி பெஞ்சு எர்னஸ்ட் ஒருநாள், "மேடம், இதெல்லாம் எதுக்கு ஒதவும்?" என்று கேட்டான். திட்டினேன். வீட்டுக்குப் போய் யோசித்தால் அவன் கேட்டது நியாயமாகப் பட்டது.

ஒதவும். ஒரு கிணற்று மேட்டில் பிணம் கிடக்கிறது. செத்து எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. ஈக்குத் தெரியும். அது வந்து முட்டையிட்ட நேரத்திலிருந்து புழு வளர்கிறது. புழுவின் வயதைச் சொல்லத் தெரிந்தவர் போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் நாள் சொல்லலாம். இதைப் பிள்ளைகளுக்கு எட்டு வகுப்பு எடுக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது.

"பொணம், புழு! பொம்பளப் பிள்ளைங்கள வெச்சிக்கினு இதையா எடுப்பீங்க லோயிஸம்மா?" என்பார் பிரின்சிபால். இரண்டு வருஷம் இதே பதில். மூன்றாம் வருஷம் நான் போட்ட சத்தத்தில் இறங்கி வந்தார். அதுவும் ஒரு பரீட்சை வைத்துத்தான். லேபுக்குப் பின்னால் கம்பிக் கூண்டில் ஆட்டு ஈரல் வைப்பது. என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று அவரே தீர்மானித்து, ஒரு காகிதத்தில் எழுதி, கவரில் ஒட்டி வைத்துக்கொள்வார். செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் புழுவைப் பார்த்து நாள் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் எட்டு வகுப்பு. தப்பினால் இந்தப் பேச்சையே நான் எடுக்கக் கூடாது. பிள்ளைகள் சொல்லி முடிக்கும்வரை நான் நுண்ணோக்கியைத் தொடவும் கூடாது.

பிரின்சிபால் சுத்த சைவம். ஈரலை வாங்குவது, வைப்பது எல்லாம் லேப் அட்டெண்டர் நாகையாவின் பொறுப்பு.

வார இறுதியில் நான் வழக்கம்போல் சித்தூருக்குப் போனேன். சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நாமம் போட்ட பிள்ளைகள் சொம்பை நீட்டிக்கொண்டு "கோவிந்தா" என்று சுற்றி வந்தார்கள். நானும் காசு போட்டேன். அப்போதுகூட என் மர மண்டைக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு லேப் நிறைந்துவிட்டது. பிரின்சிபால் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். நாகையா ஈரல் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலில் நின்றான். பிள்ளைகள் செல்லியம்மாவை நுண்ணோக்கி முன் உட்கார வைத்தார்கள். கங்காதர நெல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டும் குடும்பத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள். ஆனால் கண் கூர்மை.

புழு பின்பக்கத்தால் மூச்சு விடும். அங்கே இரண்டு பொட்டுகள் இருக்கும். முதல் பருவத்துப் புழுவுக்கு ஒவ்வொரு பொட்டிலும் ஒரு கோடு, இரண்டாம் பருவத்தில் இரண்டு, மூன்றாம் பருவத்தில் மூன்று. நம் ஊர் வெயிலில் ஒவ்வொரு பருவமும் இத்தனை மணி நேரம் என்று நானே ஒரு வருஷம் புழு வளர்த்துக் கணக்கெடுத்திருந்தேன். வீட்டுக்காரம்மா என்னைக் காலி செய்யச் சொன்னது அதனால்தான்.

செல்லியம்மா ஒன்று விடாமல் இருபது புழுக்களைப் பார்த்தாள். எழுந்து நின்று, "எல்லாத்துக்கும் ரெண்டு கோடு. ஞாயித்துக்கெழம காலைல வெச்சது சார், ஒம்போது பத்து மணிக்கு" என்றாள்.

பிரின்சிபால் கவரைக் கிழித்தார். காகிதத்தை எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார். 'சனிக்கிழமை, காலை 9 மணி.'

சனிக்கிழமை வைத்ததென்றால் புழுவுக்கு மூன்று கோடு வந்திருக்க வேண்டும்.

"ஒரு நாள் தப்பு" என்றார் அவர். கேலி செய்யவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "கோர்ட்ல ஒரு நாள் தப்பினா ஒருத்தன் ஜெயிலுக்குப் போயிடுவான் லோயிஸம்மா."

இனி நான் பார்க்கலாம். நுண்ணோக்கியிடம் போனேன். அந்த நாலு எட்டு நடப்பதற்குள் என் மனசு என்னவெல்லாம் சொன்னது! பிரின்சிபால் சரித்திரம் படித்தவர். அவருக்கு இரண்டு கோடும் ஒன்றுதான், மூன்று கோடும் ஒன்றுதான். "சரியாப் பாரு செல்லி, மூணு தெரியுதே" என்று நான் ஒரு அதட்டல் போட்டால் போதும். என் எட்டு வகுப்பும் எனக்குக் கிடைத்துவிடும்.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லியம்மா உரக்கச் சொன்னாள். "ரெண்டுதான் கீது மேடம். நூறு வாட்டி எண்ணச் சொன்னாலும் எண்றேன். ரெண்டுதான்."

குனிந்து பார்த்தேன். இரண்டுதான். பளிச்சென்று இரண்டு.

"பிள்ளைங்க சொன்னது சரி சார்" என்றேன். "கெழம எப்படி மாறிச்சுன்னு எனக்குத் தெரியல. ஆனா புழுவுக்கு ரெண்டு கோடுதான். வகுப்பு வேணாம்னா விட்டுடறேன்."

வாசலில் ஒரு செருமல். நாகையா இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு உள்ளே வந்தான்.

"க்ஷமிஞ்சண்டி அய்யா, மன்னிச்சிடுங்க. அந்தப் பொண்ணு சொல்றது நெசம். சனிக்கெழம காலைல பாய் கடையில ஈரல வாங்கி, அப்படியே பால்பவுடர் டப்பால போட்டு மூடிட்டேன். ஞாயித்துக்கெழம ஒம்போது மணிக்குத்தான் தொறந்து கூண்டுல வெச்சேன்."

"ஏன்யா?" பிரின்சிபால் எழுந்தே விட்டார். "சனிக்கெழமன்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. ஆனா அது பெரட்டாசி சனிக்கெழம அய்யா. மலைக்கு எதிர்ல, பெருமாள் பாக்கற எடத்துல, கவுச்சிய நான் எப்படித் தொறந்து வெப்பேன்? உங்ககிட்ட சொல்லலாம்னு வந்தேன். நீங்க விரதமா, கண்ண மூடிக்கினு ஜபத்துல இருந்தீங்க."

எர்னஸ்ட்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும். பிரின்சிபால் முகத்தைத் துண்டால் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. விரதம் இருந்துகொண்டே ஈரல் வைக்க நாள் குறித்த மனிதர் யாரைத் திட்டுவார்? பேனாவை எடுத்து 'சனி'யை அடித்து 'ஞாயிறு' என்று எழுதினார்.

"எட்டு என்ன, பன்னெண்டு வகுப்பு எடுங்க" என்றார். "ஆளு மறைச்சதையே புழு சொல்லிடுச்சே! ஆனா ஈரலுக்கு நாள் குறிக்கற வேலைக்கு மட்டும் என்னக் கூப்பிடாதீங்க."

நாகையாவுக்கு நானே காபி வாங்கிக் கொடுத்தேன். கோபமே வரவில்லை. அன்றைக்கு எனக்கு அத்தனை சந்தோஷம்.

சாயங்காலம் குழாயடியில் செல்லியம்மா ஈரல் வைத்த தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"செல்லி, காலைல ஒரு நிமிஷம், மூணுன்னு சொல்லச் சொல்லி உன்ன அதட்டலாம்னு இருந்தேன்."

அவள் நிமிரவில்லை. "தெரியும் மேடம். உங்க மூஞ்சியப் பாத்தேன். அதான் முந்திக்கினேன்."

"நான் சொன்னா மட்டும் நீ கேட்டிருப்பியா?"

"கேட்டிருப்பேன் மேடம்" என்றாள். "அதுக்குப் பயந்துதான் முந்திக்கினேன்."

அவள் கையிலிருந்து தட்டை வாங்கி நானே கழுவினேன்.