நான்காவது சத்தம்

மூன்றாம் வகுப்புக்கென்று ஒரு பாட்காஸ்ட் இருந்தது. வெள்ளிதோறும் ஐந்து நிமிடம். பிள்ளைகள் பேசுவார்கள்; வகுப்பு டீச்சர் தன் போனில் பதிவுசெய்து பெற்றோர் குழுவுக்கு அனுப்புவார். ஒரு வாரம் மழை, ஒரு வாரம் காணாமல்போன ரப்பர்கள். இந்த வாரம் 'இது என்ன சத்தம்?'. பள்ளிக்கூடத்துச் சத்தங்கள் நான்கைப் பிடித்துவர வேண்டும். கேட்கிறவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

கரும்பலகை துடைப்பது, குழாய் சொட்டுவது, மாடிப்படியில் நாற்பது செருப்புகள் இறங்குவது என்று மூன்று சுலபமாகக் கிடைத்துவிட்டன. நான்காவது சில்வண்டின் பொறுப்பு. ஆள் சின்னது, குரல் தெருக்கோடிவரை போகும், அதனால் வந்த பெயர். சாப்பாட்டு மணி அடித்துச் சிறிது நேரத்தில் போனை வாங்கிக்கொண்டு போனவள், வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"என்னம்மா புடிச்சே?"

"திங்கக்கிழமைதான் சொல்வேன் டீச்சர். இப்பவே சொன்னா சப்புன்னு போயிடும்."

டீச்சர் போட்டுக் கேட்டார். நீண்ட உறுமல், யோசிப்பதுபோல் ஓர் இடைவெளி, கடைசியில் சின்னதாக ஒரு விசில். ஏதோ இயந்திரம் என்று நினைத்து அப்படியே அனுப்பிவிட்டார்.

பெற்றோர் குழு இரண்டு நாள் அல்லோலகல்லோலப்பட்டது. மிக்ஸி என்றார் ஒருவர், பழைய ஸ்கூட்டர் என்றார் இன்னொருவர். பஸ் ஓட்டும் ஓர் அப்பா, "தண்ணி மோட்டார்தான். பேரிங் போயிடுச்சு, உடனே பாருங்க" என்று அடித்துச் சொன்னார்.

அதை நம்பியவர் பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை. திங்கள் காலை ரிப்பேர்காரரை வரவழைத்தார். அவர் மோட்டாரைப் பிரித்து மேய்ந்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு மேடம்" என்றார்.

"அப்ப அது என்ன சத்தம்? வாங்க, அங்கயே கேட்டுடலாம்."

இருவரும் மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது, சில்வண்டு விடையை அப்போதுதான் டீச்சரின் காதில் சொல்லி முடித்திருந்தாள். டீச்சரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"நாலாவது சத்தம் என்ன டீச்சர்?"

"அது... பூனை மேடம்."

"பூனை இல்ல!" சில்வண்டு பெஞ்சு மேலேயே ஏறிவிட்டாள். "நீங்கதான் பெரிய டீச்சர்! சாப்பிட்டுட்டு நாற்காலில சாஞ்சு தூங்குனீங்கல்ல, அப்ப எடுத்தது!"

ரிப்பேர்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார். இருமல் மாதிரித் தெரியவில்லை.

"இன்னொரு தடவ போடுங்க" என்றார் பெரிய டீச்சர். கண்ணை மூடிக் கேட்டார். "எங்க வீட்டுக்காரர் இருபது வருஷமா சொல்றாரு. நான்தான் அவர் காதுல கோளாறுன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "விடை மோட்டார்னே சொல்லிடலாமே?"

"மோட்டார் பாவம் மேடம்" என்றார் ரிப்பேர்காரர்.

"பொய் சொல்லக்கூடாது!" என்று இருபது பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள்.

வேறு வழியில்லை. போனை வாங்கி, தொண்டையைச் செருமி, கணக்குப் பாடம் எடுக்கும் அதே குரலில் பதிவுசெய்தார்: "நான்காவது சத்தம், நான். தினமும் பத்து நிமிஷம். ஒருத்தரும் சரியா சொல்லல. எல்லாருக்கும் பூஜ்யம்."

மற்ற வகுப்புப் பெற்றோர்களும் அதைக் கேட்டு வாங்கிக் கேட்டார்கள். அடுத்த வாரத்துக்கு 'வீட்டுச் சத்தங்கள்' என்று டீச்சர் சொன்னதுதான் வினையாகிப்போனது. பதினாறு பேர் தூங்கும் அப்பாக்களைப் பதிவுசெய்து வந்தார்கள், மீதி நான்கு பேர் அம்மாக்களை. எல்லாவற்றையும் கேட்டு முடிப்பதற்குள் டீச்சருக்கே கண் சொக்கிவிட்டது.