பாரிஸில் இருபத்தேழு இடங்கள்

மொன்றியலின் டோர்வால் விமான நிலையத்திலிருந்து அஹுன்ட்சிக் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்புஜத்துக்குக் காலில் உயிரே இல்லை. வெளி இரும்புப் படிக்கட்டில் முழங்காலளவு பனி. கணவர் ரகுநாதன் பெட்டிகளைக் கூடத்தில் போட்டுவிட்டு, வந்ததும் வராததுமாக மண்வாரியோடு இறங்கிவிட்டார். விமானத்தில் ஏறியதிலிருந்து மனுஷன் வாயே திறக்கவில்லை. அதைக் கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

காப்பியைக் கலந்துகொண்டு, ஏர் லெட்டரைப் பிரித்துவைத்து உட்கார்ந்தாள். அம்மாவுக்கு இன்றே எழுதியாக வேண்டும்.

அம்புஜத்தின் அண்ணா பத்ரி பாரிஸுக்குப் படிக்கப் போய் பத்து வருஷம் ஆகிறது. அங்கேயே ஒரு பிரெஞ்சுக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டான். அவன் பேச்சையே எடுக்கக்கூடாது என்று அப்பா உத்தரவு போட்டுவிட்டார். போன மாதம் அம்மாவின் கடிதத்தில், மடிக்கிற ஓரத்தில், அப்பா கண்ணில் படாத பொடி எழுத்தில் நாலு வரி இருந்தது: "பாரிஸ் போறேளாமே. அவனை நேரில் பார்த்து எழுது. உடம்பு எப்படி இருக்கு? நம்மையெல்லாம் நினைக்கிறானா, அடியோடு வேற்று மனுஷனாயிட்டானா? உள்ளது உள்ளபடி எழுது."

அந்த நாலு வரிக்காகத்தான் அம்புஜம் இந்த ஜனவரிக் குளிரில் பாரிஸுக்குக் கிளம்பினாள். ஓட்டல் பெயரைக் குறிப்பிட்டு, நேரம் கிடைத்தால் வருகிறேன் என்று அண்ணாவுக்கு ஒரு கடிதமும் போட்டிருந்தாள். பதில் வருவதற்குள் புறப்படும் நாள் வந்துவிட்டது.

ரகுநாதன் கிளம்பியதோ இருபத்தேழு இடங்களுக்காக. எஞ்சினியர் அல்லவா, ஆபீசில் டைப் அடித்தே பட்டியல் கொண்டுவந்திருந்தார். இந்த மாதாகோயிலுக்கு நாற்பது நிமிஷம், அந்தக் கோபுரத்துக்கு ஒரு மணி, காலைச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல அவர் முன்னால் ஓட, புடவைக் கரை நனைந்து கணுக்காலில் ஒட்டிக்கொள்ள, அவள் பின்னால் ஓடினாள். ரொட்டியில் புளிக்காய்ச்சலைத் தடவி பெஞ்சில் உட்கார்ந்து தின்றார்கள். எந்தக் கோயிலில் எந்தக் கண்ணாடி ஜன்னல் என்று இப்போது கேட்டால் முழிக்க வேண்டியதுதான்.

மூன்றாம் நாள், கடைசி நாள், காலையில் அவள் பொறுமை போய்விட்டது.

"நான் அண்ணா ஆத்துக்குப் போறேன். நீங்க மியூசியத்தைப் பார்த்துண்டு வாங்கோ."

"மூணு மணிக்கு டாக்ஸி. ஞாபகம் வெச்சுக்கோ" என்றார் அவர்.

அண்ணா வீட்டில் டெலிபோன் கிடையாது. இருந்திருந்தாலும் அவள் பேசியிருக்க மாட்டாள். கூடப்பிறந்தவன் வீட்டுக்கு யாராவது சொல்லிவிட்டுப் போவார்களா? மெட்ரோவில் வழி தவறி, இரண்டு முறை மாறி, பகல் பன்னிரண்டுக்கு நாலு மாடி ஏறிக் கதவைத் தட்டினாள். திறந்தது வெள்ளைக்கார மன்னி. நாலு வருஷ மொன்றியல் வாசத்தில் அம்புஜத்துக்கு வந்த பிரெஞ்சு கறிகாய் வாங்கத்தான் காணும். மன்னி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைக் காட்டினாள், வாசலைக் காட்டினாள், "பத்ரி, ஓட்டல், ஓட்டல்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். புரிந்ததும் அம்புஜம் ஓடினாள்.

காலை பத்திலிருந்து காத்திருந்துவிட்டு இப்போதுதான் போனார் என்றான் ஓட்டல்காரன். அவள் வாசலில் நின்றாள், தெருமுனை வரை போய்ப் பார்த்தாள். மூன்று மணிக்கு டாக்ஸி வந்துவிட்டது.

இப்போது அம்மாவுக்கு என்னவென்று எழுதுவது? 'அண்ணா சௌக்கியம்' என்று ஒரு பொய்யை எழுதிவிடலாம்தான். பேனா நகரவில்லை.

ரகுநாதன் உள்ளே வந்தார். பூட்ஸைக் கழற்றாமல் நின்றார்.

"அம்புஜம், நான் அவரைப் பார்த்தேன்."

"யாரை?"

"உங்க அண்ணாவை. பதினொரு மணிக்குப் பிலிம் ரோல் எடுக்க ரூமுக்கு வந்தேன். கீழே ஹால்ல நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துண்டார். உங்க அண்ணாவை நான் முன்னே பார்த்ததே இல்லையே. பேச்சுக் குடுத்தா அரை மணி போயிடுமேன்னு, பார்க்காத மாதிரி வெளில போயிட்டேன். அண்ணா ஓட்டல்ல காத்திருந்தான்னு நீ டாக்ஸில சொன்னப்புறம்தான் உறைச்சது."

மொன்றியல் செயின்ட் கேதரின் தெருவில் எதிர்ப்பக்கம் ஒரு புடவைத் தலைப்பைக் கண்டால், சாலையைத் தாண்டி ஓடி, "எந்த ஊர் ஸார்?" என்று கேட்டு, ரசம் சாதத்துக்கு வீட்டுக்கு இழுத்துவருகிற மனுஷன் இவர்! காப்பி டம்ளரைத் தூக்கி எறியலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. எறியக்கூடக் கையில் வலுவில்லை.

"எப்படி இருந்தான்? அதையாவது சொல்லுங்கோ."

"ஒல்லிதான். முன்னாடி வழுக்கை விழுந்திருக்கு. வேறென்ன..." அவர் கண்ணை மூடி யோசித்தார். "மடியில ஒரு பை. தேங்காய் எட்டிப் பார்த்துது. மேல மஞ்சள் ரவிக்கைத்துணி. பாரிஸ்ல இந்த ஆள் எந்தக் கோவிலுக்குக் கிளம்பிட்டார்னு சிரிப்பு வந்தது எனக்கு."

தேங்காயா? ரவிக்கைத்துணியா? அம்புஜம் விரலை மடக்கி எண்ணினாள். பாரிஸில் இறங்கிய அன்று போகி. மறுநாள் பொங்கல். அதற்கும் மறுநாள் கனு, கூடப்பிறந்தவளுக்கு அண்ணன் சீர் கொடுக்கிற நாள்.

மொன்றியலில் பண்டிகைகளைச் சனி ஞாயிறுக்குத் தள்ளிவைத்தே பழகிப்போயிற்று. பொங்கலையும் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தவளுக்கு, அங்கே ஓடிய ஓட்டத்தில் நாளும் கிழமையும் அடியோடு மறந்துபோயிற்று. கூடப்பிறந்தவன் நன்றாயிருக்க வேண்டுமென்று விடிகாலையில் காக்கைக்குச் சாதம் உருட்டிக் கனுப்பிடி வைக்க வேண்டியவள் அவள். அன்றைக்கு ஒரு பருக்கை வைக்கவில்லை. பேச்சுவார்த்தை அற்றுப்போன வீட்டின் பெண்ணுக்கு அவன் சீர் எடுத்துக்கொண்டு வந்து, பத்து மணியிலிருந்து காத்துக்கிடந்திருக்கிறான்.

அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ரகுநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்:

"அம்மா, கனுவன்று அண்ணா சீரோடு என்னைத் தேடிக்கொண்டு வந்தான். நான்தான் இல்லை."