குத்தாலக் காத்துக்கு எதுக்கு வடிகட்டி?

போலீஸ் எஸ்.எஸ்.ஐ. மாடக்கண்ணுவின் காரில் ஏ.சி.யைப் போட்டால் நாறும். லேசுபாசாக இல்லை, ஏறியவர் அடுத்த நிமிஷம் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டுகிற நாற்றம். மேலகரத்தில் அவர் தெருவில் அந்தக் காரில் ஒரு தடவை ஏறியவர்கள் மறுதடவை கூப்பிட்டால், "இல்ல அண்ணாச்சி, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு" என்று நழுவிவிடுவார்கள். சர்க்கரையே இல்லாதவர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள்.

இந்த நாற்றத்துக்கு யார் காரணம் என்பதை மாடக்கண்ணு உடனே துப்புத் துலக்கிவிட்டார். புளியறை செக்போஸ்ட்டில் லாரி லாரியாகச் சோதனை போட்டுப் பழகிய மூளை அல்லவா! குற்றவாளி வேறு யாருமில்லை, அவருடைய மச்சினன் இசக்கிமணிதான். சித்திரையில் ராயகிரியிலிருந்து வந்தவன், அக்காவுக்குப் பிடிக்குமே என்று ஒரு பை நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தான். தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் அந்தப் பை காரில் வந்தது. சாட்சியம் அவ்வளவுதான். கொஞ்ச நாளில் மேலதிகாரி ஒருவர் காரில் ஏறி, கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். மாடக்கண்ணுவுக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மச்சினனுக்குப் போன் போட்டார்.

"ஏலே, ஒன் பையிலயும் ஒன் மேலயும் அடிச்ச நாத்தம் என் வண்டிய விட்டுப் போகமாட்டேங்கு. இனி என் வண்டியில நீ கால வைக்காத, சொல்லிட்டேன்."

பையைச் சொன்னதோடு நிறுத்தியிருந்தால் இசக்கிமணி சிரித்துவிட்டுப் போயிருப்பான். மேலே அடித்த நாற்றம் என்று சொன்னது அவனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றோடு மேலகரம் பக்கம் வருவதை விட்டான்.

ஆடி பிறந்தது. மகள் ஆனந்தவள்ளிக்கு மாப்பிள்ளை அமைந்து, ஆவணியில் நிச்சயம் என்று பேசி முடித்தார்கள். தாய்மாமன் சபையில் உட்காராமல் தட்டு மாற்றுகிற வழக்கம் இவர்களில் கிடையாது. மாடக்கண்ணுவின் மனைவி ஜெயசித்ரா தம்பிக்குப் போன் போட்டாள்.

"எனக்கு மட்டும் வர ஆசை இல்லையாக்கா? அத்தான் அதே வண்டிய எடுத்துட்டு வந்து என்னையக் கூட்டிட்டுப் போகட்டும். இல்லன்னா நான் வரல்ல" என்றான் இசக்கிமணி.

மாடக்கண்ணுவிடம் சொன்னதற்கு அவர் மீசையைத் தடவினார். "வண்டி நாத்தம் போகட்டும். போன அன்னைக்கே போய்க் கூட்டிட்டு வாரேன். அதுவரைக்கும் அவன் பேச்ச எடுக்காத."

எருமை மாடு மாதிரி ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அசையாமல் நின்றுகொண்டார்கள். கூடப் பிறந்தவன் இல்லாமல் மகளுக்கு எப்படித் தட்டு மாற்றுவது என்று ஜெயசித்ராவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நாற்றம் போவதற்கு மாடக்கண்ணு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லக்கூடாது, பாவம். வெள்ளிக்கிழமை தவறாமல் காருக்குச் சாம்பிராணி போட்டார். வீட்டுக்குப் போடுகிற மாதிரி இல்லை. தூபக்காலைக் காருக்குள் கீழே வைத்து, கண்ணாடி நாலையும் ஏற்றி, ஏ.சி.யை முழு வேகத்தில் ஓடவிட்டு, "உள்ள சந்துபொந்தெல்லாம் போகணும்லா" என்று வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார். காரின் உள்பக்கம் புகைக்குள் மறைந்துவிடும். தெருவில் போகிறவர்கள் தீப்பிடித்துவிட்டதோ என்று ஓடிவருவார்கள். சனிக்கிழமை காலையில் சாம்பிராணியும் நாற்றமும் சேர்ந்து இன்னும் கேவலமாக அடிக்கும்.

கடைசியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். அவன் ஏ.சி.யைப் போட்டான், மூக்கைச் சுளித்தான், அணைத்தான். "சார், ஏ.சி. ஃபில்டர மாத்துங்க. வண்டி வாங்குன நாள்லருந்து மாத்தவேயில்ல போல."

அவ்வளவுதான், மாடக்கண்ணு எகிறிவிட்டார். "எதுக்குலே ஃபில்டரு? குத்தாலக் காத்துக்கு வடிகட்டியா? ஊரு ஒலகமெல்லாம் இந்தக் காத்துக்குத்தான் வண்டி பிடிச்சு வருது. அத வடிகட்டி எங்கள மோந்து பாக்கச் சொல்லுதியோ? மெட்ராஸ்காரன்ட்ட போய்ச் சொல்லு இதையெல்லாம்!"

பின்சீட்டில் இருந்த ஜெயசித்ரா ஃபில்டர் என்ற வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து செல்போனில் தேடினால், ஒரு ஆள் இந்தியில் ஏதோ பேசிக்கொண்டே இடதுபக்க டேஷ்போர்டு டப்பாவைக் கழற்றி, உள்ளேயிருந்து அழுக்கு அட்டை ஒன்றை உருவி, புதியதைச் சொருகிக் காட்டினான். இந்தி புரியாவிட்டால் என்ன, அவன் கை புரிந்தது. குக்கர் மூடியில் கேஸ்கட் மாட்டுகிறவளுக்கு இது என்ன பெரிய வேலை! கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற ஆனந்தவள்ளியிடம் கார் பேரைச் சொல்லி ஒரு ஃபில்டர் வாங்கி அனுப்பச் சொன்னாள். கூரியரில் வந்ததை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்தாள்.

ஒளித்துவைக்கக் காரணம் உண்டு. அந்த டேஷ்போர்டு டப்பாவை யாரும் தொடக்கூடாது. "அதுல கவர்மென்ட் பேப்பர் இருக்கு. காணாமப் போச்சுன்னா என் வேல போயிரும்" என்று மாடக்கண்ணு கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சிக்னலில் நிற்கும்போது அவள் கை தவறி அந்தப் பக்கம் போனால்கூட அவர் இருமுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. மாடக்கண்ணு தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, கூட வேலை பார்க்கும் சுடலைராஜின் பைக்கில் பழைய குற்றாலத்துக்குக் குளிக்கக் கிளம்பினார். எண்ணெய் சீட்டில் படும் என்பதால் காரை எடுக்கவில்லை. பைக் தெருமுனை திரும்பியதும் ஜெயசித்ரா அவர் யூனிஃபார்ம் பேன்ட்டுக்குள் கையைவிட்டுச் சாவியை எடுத்தாள். அரிசி டிரம்முக்குள் கையைவிட்டு ஃபில்டரை எடுத்தாள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாசல் கொட்டகையில் நின்ற காரின் இடதுபக்கக் கதவைத் திறந்து கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

டப்பாவைத் திறந்தாள். மேலே ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் காகிதம், ஒரு விசில், ஒரு டார்ச். கவர்மென்ட் பேப்பர் அத்தோடு சரி. கீழே வேறு பேப்பர் இருந்தது. நெய் ஊறிய அல்வாப் பேப்பர், கசக்கிக் கசக்கித் திணித்தபடி. நேந்திரங்காய் சிப்ஸ் கவர், கட்டுக்கட்டாக. ஒரு முந்திரிக்கொத்து உருண்டை, பாதி கடித்தது.

அடப்பாவி மனுசா! ஜெயசித்ராவுக்கு வந்த கோபத்தில் காது சூடாகிவிட்டது. விடிந்தும் விடியாமலும் எழுந்து அவர் சர்க்கரை நோய்க்குப் பாகற்காய்ச் சாறு பிழிந்து கொடுக்கிறாள். ராத்திரி கேழ்வரகு தோசை. அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை என்று மாத்திரையைக் கூட்டி எழுதினார் டாக்டர். "அந்தாளுக்கு ஒண்ணும் தெரியாது, வேற டாக்டரப் பாப்போம்" என்று இந்த மனுஷன் வாய்கூசாமல் சொன்னார். அவளும் நம்பி, குலசாமிக்கு நேர்ந்து வேறு வைத்திருந்தாள்.

வேலை முதலில், சண்டை பிறகு என்று முடிவு செய்தாள். டப்பாவின் இரண்டு பக்கத்தையும் உள்பக்கமாக அமுக்கினாள். வீடியோவில் கண்டபடியே அது கீழே தொங்கியது. பின்னால் நீளமாக ஒரு மூடி. அதன் ஓரத்தைக் கடித்து யாரோ வாசல் வைத்திருந்தார்கள். கிளிப்பை அமுக்கி மூடியை எடுத்தாள். குப்பென்று அடித்தது. துண்டையும் மீறி, கண்ணில் தண்ணீர் வந்தது.

இழுப்பறையை இழுப்பது போல ஃபில்டரை உருவினாள். வெள்ளையாக இருக்க வேண்டியது, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எல்லாம் படிந்து அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. அதன் மேல் ஜம்மென்று ஒரு எலிக்கூடு. பஞ்சு, சருகு, புழுக்கை, அதோடு பொடிப்பொடியாகக் கிழித்த அல்வாப் பேப்பரும் சிப்ஸ் கவரும். எலி மூத்திரமும் பழைய நெய்யும் சேர்ந்து ஊறிக் கிடந்தது. நெத்திலியின் ஒரு முள்கூட அதில் இல்லை. ஜெயசித்ரா அந்தக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க வயிறு வலித்தது.

அந்நேரம் வாசலில் பைக் வந்து நின்றது. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. மாடக்கண்ணு எண்ணெய் வழிய, துண்டைத் தோளில் போட்டபடி, குளிக்காமலே திரும்பிவிட்டார். காரின் கதவு திறந்திருப்பதையும் டேஷ்போர்டு வாயைப் பிளந்து தொங்குவதையும் பார்த்ததும் அலறினார்.

"ஏட்டி! யாரக் கேட்டு இதக் கழட்டுன?"

ஜெயசித்ரா அவரைப் பார்க்கவில்லை. பைக்கைத் திருப்பிய சுடலைராஜைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணாச்சி, போயிராதீங்க. கைப்பத்துன பொருளுக்கு மகஜர் போடணும், ஒரு சாட்சி வேணும்." போலீஸ்காரன் பெண்டாட்டிக்கு இதெல்லாம் தெரியாதா என்ன! சாட்சி பைக்கை ஸ்டாண்ட் போட்டுவிட்டு ஆசையாக இறங்கி வந்தார்.

பழைய செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். "நெத்திலிக் கருவாட்டு நாத்தம்னு சொன்னீங்கள்லா? இதுல ஒரு நெத்திலித் தலையக் காட்டுங்க பாப்போம்."

"எலியா?" என்று மாடக்கண்ணு குனிந்தார். முகம் ஒரு நொடி தெளிந்தது. "பாத்தியா, கருவாட்டு வாசனைக்குத்தான் எலி வந்திருக்கு!"

"இதென்ன பேப்பரு?"

"எவனோ வச்சிட்டுப் போயிருக்கான்."

"எவனோ ஒங்க வண்டியத் திறந்து, சம்மணம் போட்டு அல்வா தின்னுட்டு, பேப்பர மட்டும் பத்திரமா திணிச்சு வச்சிட்டுப் போனானாக்கும்?"

சுடலைராஜ் ஒரு கவர்த் துண்டைத் தூக்கிப் பார்த்தார். "ஏ மாடக்கண்ணு, இது நாம புளியறையில டூட்டி முடிஞ்சு வரையில வாங்குனதுலா? எனக்கு ரெண்டுதான குடுத்த!"

சாட்சி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. நெற்றியில் இருந்த எண்ணெய் மாடக்கண்ணுவின் கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கத் துடைக்க இன்னும் எரிந்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க, ஜெயசித்ரா உள்ளே எல்லாவற்றையும் துடைத்து, புது ஃபில்டரைச் சொருகப் போனாள்.

"அம்புக்குறி மேல பாத்து இருக்கணும்ட்டி" என்றார் ஒற்றைக் கண்ணால் பார்த்து, அதிகாரத்தை எப்படியாவது மீட்க.

"காத்து மேலருந்து கீழ போகுது. அம்பும் கீழதான் பாக்கும். நீங்க கண்ணத் துடைங்க."

கடித்த மூலைக்கு டேப் ஒட்டி, மூடியைப் போட்டு, டப்பாவைத் தூக்கி மாட்டினாள். ஏ.சி.யை முழுசாக வைத்தாள். மூன்று பேரும் தலையை உள்ளே நீட்டி மோந்து பார்த்தார்கள். சில்லென்று காற்று வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை.

"இப்பம் வாரது ஒங்க எண்ணெ வாடை மட்டுந்தான்" என்றாள் ஜெயசித்ரா. "போய்க் குளிங்க. ராயகிரிக்குக் கிளம்பணும்."

மாடக்கண்ணு குரலை இறக்கினார். "சித்ரா, அவன்ட்ட எலின்னு மட்டும் சொல்லுவோம். அல்வாவச் சொல்லிராத. மச்சினன் முன்னால எனக்கு ஒரு மரியாத வேண்டாமா?"

"நான் ஏன் சொல்லுதேன்?" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு சத்தியம் செய்து கொடுத்தாள்.

கடையநல்லூர், புளியங்குடி தாண்டி மத்தியானத்துக்கு முன்பே ராயகிரி போய்விட்டார்கள். இசக்கிமணி தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தான். காரைப் பார்த்ததும் வாசற்படியில் நின்றுவிட்டான்.

மாடக்கண்ணு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார். "மாப்ளே, எலிடே! ஃபில்டருக்குள்ள எலி கூடு கட்டியிருக்கு. ஒன் கருவாடு இல்ல. சரி, ஏறு, போவோம்."

"எலியா?" என்றான் அவன். நகரவில்லை. "கொஞ்சம் பொறுங்கத்தான். குளிச்சிட்டு வந்திருதேன்."

"ஏலே, இப்பந்தான குளிச்ச? தல சொட்டுதே" என்றாள் ஜெயசித்ரா பின்சீட்டிலிருந்து.

"இன்னொரு தடவ குளிச்சிருதேன்க்கா." சட்டைக் காலரைத் தூக்கி ஒரு தடவை மோந்து பார்த்துக்கொண்டான். அவனுக்கே தெரியாமல் கை அப்படிப் போனது. "அத்தான் போன்ல சொன்னதுலருந்து பஸ்ஸுல எடம் இருந்தாலும் நான் உக்காரதில்லக்கா. பக்கத்துல இருக்கவன் சும்மா மூக்கச் சொறிஞ்சாலும் எனக்கு ஒருமாரி ஆயிருது. நின்னுக்கிட்டே போயிருதேன்."

ஜெயசித்ராவுக்கு அதுவரை இருந்த சிரிப்பெல்லாம் செத்துவிட்டது. இத்தனை பெரிய ஆள், தோட்டமும் துரவும் பார்க்கிறவன், இத்தனை நாளும் இப்படியா திரிந்தான் என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. முன்சீட்டில் இருந்தவரின் பிடரியைப் பார்த்தாள். செய்து கொடுத்த சத்தியத்தை மீறிவிடலாமா என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் மாடக்கண்ணு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். போய் அவன் எதிரில் நின்றார்.

"அல்வாடே" என்றார். "சுகர வச்சுக்கிட்டு ஒங்கக்காவுக்குத் தெரியாம நான் திருடித் தின்ன அல்வா. அந்தப் பேப்பர்லதான் எலி படுத்துக் கெடந்திருக்கு. நாறுனது பூராம் என் நாத்தம் மாப்ளே. ஒன் நாத்தம் இல்ல. நான் வாய்க்கு வந்தத பேசிட்டேன்."

தெருவில் போன ரெண்டு பேர் நின்று கேட்டார்கள். எஸ்.எஸ்.ஐ. அவர்களை விரட்டவில்லை.

இசக்கிமணி அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மாடக்கண்ணு மச்சினனின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்சீட்டில் உட்காரவைத்தார். சுற்றிவந்து ஏறினார். கண்ணாடி நாலையும் ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் போட்டார்.

இசக்கிமணி சீட்டின் நுனியில், கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். வண்டி வாசுதேவநல்லூர் தாண்டியதும் அவன் மெல்லக் கேட்டான்.

"அத்தான், அந்த எலிக்குச் சுகர் செக் பண்ணீங்களா?"

பின்சீட்டில் ஜெயசித்ரா வெடித்துச் சிரித்தாள். மாடக்கண்ணு முறைக்கப் பார்த்து, முடியாமல், மீசைக்குள்ளே சிரித்தார். இசக்கிமணி காலை நீட்டி, முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தான்.